சாய்ந்து நின்ற கவசம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

அமராவதி நகர் அணையைப் பார்க்க வருவோர் அருகிலுள்ள முதலைப் பண்ணையையும் பார்த்துவிட்டே திரும்புவர். 1975-ஆம் ஆண்டில் வனத்துறையினர் அமைத்த பண்ணை அது. வேலிக்கு அப்பால் மரக்கட்டை போல் கிடக்கும் முதலையின் முதுகை உற்று நோக்குங்கள். தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கும். அடிவயிறோ மென்மையானது. உடல் முழுவதும் ஒரே கனத்தில் கவசம் இருந்தால் முதலையால் நகரவே முடியாது. எங்கே அடி விழுமோ அங்கே கனம், மற்ற இடத்தில் இலேசு. இதுவே இயற்கை போட்ட கணக்கு.

இதே கணக்கை உருக்குத் தகட்டில் போட்டு, உலகப் போர் ஒன்றின் போக்கையே மாற்றிய வண்டியை உருவாக்கியவர் மிகயீல் இலியீச் கோஷ்கின். வள்ளுவர் அரணுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அந்த அரணே சக்கரம் பூட்டி நகர்ந்தால் அதுதான் டாங்கி. அவ்வகை அரண் ஒன்றை அமைத்த இப்பொறியாளரின் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதை எழுதுகிறேன்.

மிட்டாய்த் தொழிற்சாலைச் சிறுவன்

ரஷ்ய நாட்டில், யாரோஸ்லாவ்ல் வட்டாரத்திலுள்ள பிரின்ச்சாகி என்னும் சிற்றூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் கோஷ்கின் பிறந்தார். ஏழை உழவர் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் நீண்ட நாள் இருக்கக் கொடுத்து வைக்காத அச்சிறுவன், மாஸ்கோவுக்குச் சென்று ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். பனியன் கம்பெனிகளுக்குப் பெயர்போன நம் மாவட்டத்தில், படிக்க வேண்டிய வயதில் வேலைக்குப் போனவர்களை நாம் அனைவரும் அறிவோம். ஆதலால் இந்தச் செய்தி நமக்குப் புதிதன்று.

முதல் உலகப் போரில் படையில் சேர்க்கப்பட்டுக் காயமடைந்தார். புரட்சிக்குப்பின் செஞ்சேனையில் சேர்ந்து உள்நாட்டுப் போரிலும் பங்கு கொண்டார். பின்னர் வியாட்கா நகரில் மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகியாகவும், கட்சிப் பணியாளராகவும் இருந்தார். அப்படியே இருந்திருந்தால் வசதியாகவே வாழ்ந்திருப்பார். ஆனால் 1929-இல், தமது முப்பதாவது வயதில், லெனின்கிராடில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். 1934-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு தேர்வில் தவறினாலே காலம் போய்விட்டதாகக் கலங்கும் எனக்கு, கோஷ்கினின் இந்த ஐந்தாண்டுகள் பெரும் ஆறுதலாக இருக்கின்றன.

சாய்வின் கணக்கு

பட்டம் பெற்றதும் லெனின்கிராடில் டாங்கி வடிவமைப்புப் பணியில் அமர்ந்தார். 1936-ஆம் ஆண்டு இறுதியில் கார்க்கோவ் நகரின் 183-ஆம் எண் தொழிற்சாலைக்கு வடிவமைப்புத் தலைவராக அனுப்பப்பட்டார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த பிர்சோவ் கைது செய்யப்பட்டார், உயிரோடு திரும்பவில்லை. மேலிடத்துக்கு மாறாகப் பேசினால் என்ன நேரும் என்பதை அந்த நாற்காலியே சொல்லிக் கொண்டிருந்தது.

அக்காலச் சோவியத் டாங்கிகள் வேகமானவை. ஆனால் கவசம் மெல்லியது. 1936-இல் மூண்ட ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் 37 மி.மீ. பீரங்கிகள் அவற்றை எளிதில் துளைத்தன. உள்ளே இருந்த வீரர்கள் எரிந்து மடிந்தனர். எனினும் இராணுவம் கேட்டது, சாலையில் சக்கரத்தாலும் நிலத்தில் சங்கிலிப் பட்டையாலும் ஓடும் மற்றொரு வேக வண்டியையே. கோஷ்கின் கேட்டதைக் கொடுத்தார்; அதன் பெயர் ஏ-20. கூடவே, சக்கர ஓட்டத்துக்கான பொறியமைப்பை நீக்கிவிட்டு, மிச்சமான எடையைக் கவசத்துக்குத் தந்த ஏ-32 என்னும் வண்டியையும் செய்து காட்டினார். அதன்மேல் கூடுதல் பாரம் ஏற்றி ஓட்டி, இன்னும் கனமான கவசத்தையும் அது தாங்கும் என மெய்ப்பித்தார். 1939 டிசம்பர் 19-ஆம் நாள், 45 மி.மீ. கவசத்துடன் அதைப் படையில் ஏற்பதென முடிவாயிற்று. அதுவே டி-34.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். டி-34-இன் முகப்புத் தகடு செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்திருக்கும். கொசைன் 60 என்பது அரை. ஆகவே நேராக வரும் குண்டுக்கு 45 மி.மீ. தகடு 90 மி.மீ. கனமாகத் தெரியும். இதைப் படித்ததும் பாதி எடையில் இரு மடங்கு காப்பு கிடைத்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். தாளில் வரைந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அதே உயரத்தை மறைக்கச் சாய்ந்த தகடு இரு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். எடை ஒன்றுதான்!

அப்படியானால் சாய்வின் பயன் என்ன? ஓட்டுச் சில்லைத் தண்ணீரின்மேல் படுக்கையாக எறிந்தால் தத்தித் தத்திச் செல்லும்; செங்குத்தாகப் போட்டால் மூழ்கிவிடும். சாய்ந்த தகட்டில் மோதும் குண்டும் அவ்வாறே வழுக்கித் திசை திரும்புகிறது, அல்லது முனை முறிகிறது. உண்மையான ஆதாயம் அதுதான். அதற்கு விலையும் உண்டு. சுவர்கள் உட்சாய்ந்ததால் உள்ளே இடம் குறுகிற்று. கோபுரத்தில் இருவரே அமர முடிந்தது. தலைவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டியிருந்தது. கடினமான அந்த உருக்கு, துளைபடாத வேளையிலும் உட்புறம் சில்லுகளாகத் தெறித்து வீரர்களைக் காயப்படுத்தியதும் உண்டு.

கார்க்கோவிலிருந்து மாஸ்கோவுக்கு

1940 மார்ச்சில் இரண்டு மாதிரி வண்டிகள் தயாராயின. விதிப்படி ஓடவேண்டிய தூரத்தை அவை இன்னும் ஓடி முடிக்கவில்லை. அவற்றைக் கார்க்கோவிலிருந்து மாஸ்கோவுக்கு ஓட்டியே சென்று விடுவதெனக் கோஷ்கின் துணிந்தார். ஏறத்தாழ 750 கிலோமீட்டர், வழியெங்கும் பனி. சளியும் காய்ச்சலும் இருந்த நிலையிலும் தாமே உடன் சென்றார். மார்ச் 17-ஆம் நாள் கிரெம்ளினில் ஸ்டாலின் முன்னிலையில் வண்டிகள் ஓடிக் காட்டின. மாத இறுதியில் உற்பத்திக்கு ஆணை பிறந்தது.

திரும்பும் பயணமும் வண்டியிலேயே. உடல்நலம் மேலும் கெட்டு நிமோனியா கண்டது. ஒரு நுரையீரலை அறுத்து அகற்றியும் பயனில்லை. 1940 செப்டம்பர் 26-ஆம் நாள், நாற்பத்தொன்றாம் வயதில் கோஷ்கின் மறைந்தார். தம் வண்டி போர்க்களம் புகுந்ததை அவர் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மானியப் படை நுழைந்தபோது, அதன் 37 மி.மீ. பீரங்கிகளால் டி-34-இன் முகப்பைத் துளைக்க இயலவில்லை. பின்னர் ஜெர்மானியரே தங்கள் 'பாந்தர்' டாங்கிக்குச் சாய்ந்த கவசம் பூட்டினர். டி-34 வகையில் மொத்தம் 80,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. கோஷ்கினுக்கு 1942-இல் ஸ்டாலின் பரிசும், 1990-இல் சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் கிடைத்தன. இரண்டும் மறைவுக்குப் பின்னரே.

ஆவடி வரை

இக்கதை நமக்கு அயலானதன்று. 1941-இல் கார்க்கோவ் தொழிற்சாலை யூரல் மலைப்பகுதியின் நீஷ்னி தாகில் நகருக்கு இடம் பெயர்ந்தது. பிற்காலத்தில் டி-72, டி-90 டாங்கிகள் பிறந்தது அந்நகரில்தான். 1961-இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 'அஜேயா' என்ற பெயரிலும், டி-90 'பீஷ்மா' என்ற பெயரிலும் உருவாயின. ஆவடியில் செய்த முதல் பீஷ்மாக்கள் 2009-இல் வெளிவந்தன.

கவசத்தை ஊடுருவும் புதுவகைக் குண்டுகள் வந்தபின் சாய்வு மட்டும் போதவில்லை. டி-72-இன் முகப்பில் இரண்டு உருக்குத் தகடுகளுக்கிடையே, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கிய பலகையை வைத்தனர். நூலும் துணியுமாய் வாழும் நம் ஊருக்கு இது வியப்பூட்டும்: நெய்த துணியும் கவசத்துக்குள் ஒரு படையாக நிற்கிறது! 1980-களில், குண்டு பட்டதும் தானே வெடித்து அதன் வீச்சைக் குலைக்கும் செங்கல் போன்ற பெட்டிகளை மேலே பொருத்தினர். ஆயினும் 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில், மெல்லிய மேற்கூரையை மேலிருந்து தாக்கிய ஏவுகணைகளுக்கும் டிரோன்களுக்கும் இவ்வகை டாங்கிகள் பல இரையாயின. முதலையின் அடிவயிறு போல, ஒவ்வொரு கவசத்துக்கும் ஒரு மென்மையான இடம் இருக்கத்தான் செய்கிறது.

போரை நான் விரும்பவில்லை. ஆனால் உள்ளே அமர்ந்திருப்பவன் ஒரு தாயின் மகன் என்பதை மறவாமல் ஒருவர் கணக்குப் போட்டார் என்பதை மதிக்கிறேன். பிறருக்குக் கவசம் செய்தவர் தமக்கு ஒரு கம்பளிப் போர்வையின் ஓய்வைக்கூடத் தந்துகொள்ளவில்லை என்பதுதான் வருத்தம். நண்பர்களே, முப்பது வயதில் கல்லூரிக்கு வந்த மிட்டாய்த் தொழிலாளி, கேட்டதைச் செய்துவிட்டு, சரியென்று பட்டதையும் செய்து அருகே நிறுத்தினார். அத்துணிவை நாமும் கற்றுக்கொள்வோமாக!