நகரங்களின் வைத்தியர் பற்றிக் கெடிஸ்

கொழும்பில் ஒரு மணி நேரம் அடைமழை பெய்தால் எந்தெந்த வீதிகள் நீரில் மூழ்கும் என்பதை நகரவாசிகள் முன்கூட்டியே கூறிவிடுவர். வடிகால் அடைபட்டிருப்பதும் குப்பை கூளங்கள் உரிய நேரத்தில் அகற்றப்படாதிருப்பதும் மாநகர சபைக் கூட்டங்களில் ஓயாது எழுப்பப்படும் விடயங்கள். ஒவ்வொரு தேர்தலின்போதும் நகரை அழகுபடுத்தும் வாக்குறுதிகள் முன்வைக்கப்படுகின்றன. ஆனால் அழகுபடுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாழும் ஏழைக் குடும்பங்களின் மனதில் மகிழ்ச்சிக்குப் பதிலாக அச்சமே குடிகொள்கிறது. தமது வீடு எப்போது இடிக்கப்படும் என்ற அச்சமே அது.

இடிக்காமலே ஒரு நகரைத் திருத்த முடியுமா என்ற கேள்வி புதியதன்று. அதற்குத் தமது வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஒருவர் 1921ஆம் ஆண்டிலேயே கொழும்பு நகருக்கான திட்ட அறிக்கையொன்றை எழுதிக் கொடுத்துச் சென்றார் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. அவர்தான் ஸ்கொட்லாந்து நாட்டவரான சேர் பற்றிக் கெடிஸ். கீழைத்தேயத்தின் பூங்கா நகர் என்று கொழும்பைப் பெருமையோடு குறிப்பிடும் வழக்கம் அவருடைய அறிக்கையோடு தொடர்புடையது.

கெடிஸ் 1854 ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பலற்றர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படைவீரர். பேர்த் நகரின் குன்றோரத்தில் இருந்த சிறு வீடும் அதனைச் சூழ்ந்த தோட்டமுமே சிறுவன் கெடிஸின் முதற் பாடசாலையாகின. தாவரவியல் கற்க எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றவர், அங்கு போதிக்கப்பட்ட முறை பிடிக்காமல் ஒரு வாரத்திலேயே வெளியேறினார். பின்னர் லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தோமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். ஆய்வுக்கூடத்தில் உயிரினங்களை நுணுகி நோக்குவதே தமது வாழ்க்கைப் பணியாகும் என்று அவர் அப்போது கருதியிருந்தார்.

1879இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிக்கோ சென்றிருந்தபோது அவருடைய கண்பார்வை பாதிக்கப்பட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடக்க நேர்ந்தது. நுணுக்குக்காட்டியின் முன் நீண்ட நேரம் அமர்வது இனிக் கடினம் என்ற நிலையில் அவருடைய சிந்தனை வேறு திசையில் திரும்பியது. செடிக்கும் அது வளரும் மண்ணுக்கும் உள்ள உறவைப் போன்றதே மனிதனுக்கும் அவன் வாழும் ஊருக்கும் உள்ள உறவு என அவர் கண்டார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்காமல் எந்த நகரையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதே அவருடைய கொள்கையின் அடித்தளமாயிற்று.

கொள்கையைப் பேசிவிட்டு வசதியான பகுதியில் வாழ்ந்தவரல்லர் கெடிஸ். 1886இல் அனா மோர்ட்டன் என்னும் அம்மையாரைக் கரம்பிடித்த அவர், மறு ஆண்டிலேயே எடின்பரோவின் பழைய நகர்ப் பகுதியிலுள்ள ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசல் மிக்க அடுக்கு மனைத் தொகுதியில் குடியேறினார். வசதி படைத்தோர் புதிய நகர்ப் பகுதிக்குப் பெயர்ந்துவிட, வறியவர்கள் மட்டுமே எஞ்சியிருந்த இடம் அது. கணவனும் மனைவியும் அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு முற்றங்களைச் சுத்தம் செய்தனர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், யன்னல்களில் பூச்செடிகளை வைத்தனர். பழுதான கட்டடங்களில் திருத்தக்கூடியவை திருத்தப்பட்டன. மிக மோசமான ஒன்றிரண்டு மட்டுமே அகற்றப்பட்டுக் காற்றும் வெளிச்சமும் உட்புக வழி செய்யப்பட்டது. 1888 முதல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராகப் பதவி வகித்த அவர், கோடைக்காலப் பருவத்தில் மட்டும் அங்கு கற்பித்துவிட்டு எஞ்சிய மாதங்களை நகரப் பணிக்கே செலவிட்டார்.

1892இல் எடின்பரோவில் பழைய கோபுரமொன்றைப் பொறுப்பேற்று, நகரைப் பற்றிய காட்சிக்கூடமாக அதனை மாற்றினார். பார்வையாளர் முதலில் உச்சிக்கு ஏறி முழு நகரையும் நோக்க வேண்டும். பின்னர் மாடி மாடியாக இறங்கி நகரம், நாடு, உலகம் எனக் கற்றுக்கொள்ள வேண்டும். தமது ஊரை முழுமையாகப் பார்க்கத் தெரிந்த குடிமக்களே அதனைத் திருத்தவும் வல்லவர்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

இத்தகைய மனிதரைத் தமிழகத்திற்கு அழைத்தவர் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பென்ற்லண்ட் பிரபு. தாம் பல ஆண்டுகளாகச் சேகரித்த வரைபடங்களும் மாதிரிகளும் அடங்கிய நகரக் கண்காட்சியைக் கப்பலில் அனுப்பிவிட்டு 1914இல் கெடிஸ் இந்தியா வந்தார். ஆனால் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த அதே எம்டன் போர்க்கப்பல், கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிய வரைபடங்களைத் திரட்டி அனுப்ப, 1915இன் தொடக்கத்தில் கண்காட்சி சென்னையில் நடந்தேறியது.

அதன் பின்னர் மாகாணத்தின் நகரங்களை அவர் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தார். நகரசபைப் பொறியியலாளர்களின் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாக இருந்தன. நெரிசலான பகுதியைக் கண்டதும் வரைபடத்தின் மீது நேர்கோடு ஒன்றை இழுப்பர். அக்கோட்டில் அகப்பட்ட வீடுகள் யாவும் இடிபடும். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் அருகிலிருந்த குடியிருப்புகளில் நெருக்கியடித்துக் குடியேற, அங்கு நெரிசல் முன்னிலும் அதிகரிக்கும். நோயைக் குணப்படுத்துவதாகக் கூறி அதனைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பும் செயலே இது எனக் கெடிஸ் சுட்டிக்காட்டினார்.

இதற்கு மாற்றாக அவர் முன்வைத்த முறையைப் பேணிக் காக்கும் சத்திரசிகிச்சை எனலாம். வைத்தியர் நோயாளியை நன்கு பரிசோதித்த பின்னரே கத்தியை எடுப்பது போல, நகரத் திட்டமிடுபவரும் ஒவ்வொரு சந்துக்குள்ளும் நடந்து, ஒவ்வொரு வீட்டையும் மரத்தையும் கிணற்றையும் குறித்துக்கொண்ட பின்னரே திட்டம் வரைய வேண்டும். பாழடைந்த கட்டடங்களையும் வெற்று நிலங்களையும் இணைத்தாலே பல இடங்களில் பாதையும் சிறு திறந்த வெளியும் கிடைத்துவிடும். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க 30,000 ரூபா செலவில் இடித்து வீதியமைக்கும் திட்டமொன்று இருந்தது. ஏறத்தாழ 5,000 ரூபாவுடன் அதே நோக்கத்தை நிறைவேற்றலாம் எனக் கெடிஸ் காட்டினார். அதாவது ஆறில் ஒரு பங்குச் செலவு; வீடிழப்போரின் தொகையும் மிகச் சொற்பம்.

கோயிற் குளங்கள் பற்றிய அவருடைய நிலைப்பாடும் குறிப்பிடத்தக்கது. மலேரியாவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் எனச் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தினர். குளங்கள் நகருக்குக் குளிர்ச்சி தருபவை, வெள்ளத்தைத் தாங்குபவை என வாதாடிய கெடிஸ், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன்களை வளர்த்துக் குளங்களைப் பேணலாம் என்றார். சதுப்பு நிலங்களை நிரப்பிவிட்டு வெள்ளத்தோடு போராடும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இந்தூர் சமஸ்தானத்தில் அவர் செய்த பணி கதை போன்றது. நகரில் பிளேக் நோய் பரவியிருந்த காலம் அது. ஒரு நாள் மகாராஜாவின் அதிகாரத்தைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்ற கெடிஸ், அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழமையான பாதையில் செல்லாது எனவும், எந்த வீதியின் மக்கள் தமது வீடுகளைத் திருத்தித் துப்புரவாக வைத்திருக்கிறார்களோ அந்த வீதி வழியாகவே செல்லும் எனவும் அறிவித்தார். நகரெங்கும் போட்டி மூண்டது, குப்பைகள் அகன்றன, வீடுகள் வெள்ளை பூண்டன. ஊர்வலத்தில் நோயின் உருவாக அமைக்கப்பட்ட எலியின் பொம்மை முடிவில் எரிக்கப்பட்டது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடை அணிந்து, மரியாதையுடன் அந்த ஊர்வலத்தில் நடந்து வந்தனர். சட்டத்தாலும் தண்டத்தாலும் சாதிக்க முடியாததை மக்களின் பெருமித உணர்வால் சாதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இந்தப் பணிகளுக்கிடையே 1917ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் பேரிடி விழுந்தது. மூத்த மகன் அலஸ்ரயர் பிரான்சுப் போர்க்களத்தில் எறிகணைக்குப் பலியானார். அப்போது இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்த அனா அம்மையாரிடம் அச்செய்தியைக் கூறக் கெடிஸுக்குத் துணிவு வரவில்லை. மகன் இறந்ததை அறியாமலே சில வாரங்களில் தாயும் கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட் முற்றத்தைத் தம்மோடு சேர்ந்து கூட்டிச் சுத்தம் செய்த துணையை இழந்த பின்னரும் கெடிஸ் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தவில்லை. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்திலேதான் அவருடைய பார்வை கொழும்பின் மீது விழுந்தது. 1885இல் தென்மேற்கு அலைதாங்கி நிறைவு பெற்றதிலிருந்து கொழும்புத் துறைமுகம் வேகமாக வளர்ந்திருந்தது. துறைமுகத்தையும் களஞ்சியங்களையும் நாடிவந்த தொழிலாளர் முடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ, செல்வந்தர்கள் கறுவாத்தோட்டத்தின் விசாலமான வளவுகளில் மாளிகை அமைத்தனர். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி உருவான மாநகர சபையும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் இருந்தபோதிலும் நகர் முழுவதற்குமான திட்டம் ஒன்று இருக்கவில்லை. அக்குறையை நிரப்பும் முதல் முயற்சியே 1921ஆம் ஆண்டின் கெடிஸ் அறிக்கை. மரநிழல் வீதிகளும் பூங்காக்களும் கொண்ட பூங்கா நகராகக் கொழும்பு வளர வேண்டும் என்பது அதன் மையக் கருத்து.

அவ்வறிக்கை முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. பூங்கா நகரின் நிழல் கறுவாத்தோட்டத்திற்குக் கிடைத்த அளவு கொச்சிக்கடைக்கோ மருதானைக்கோ கிடைக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. கெடிஸிடமும் குறைகள் இருந்தன. பணக் கணக்கில் அவர் கவனமற்றவர். தொடங்கிய பல பணிகளை முடித்தவரல்லர். குடியேற்ற ஆட்சியாளரின் அழைப்பை ஏற்று வந்த ஆலோசகராகையால் அறிக்கை எழுதுவதோடு அவருடைய அதிகாரம் முடிந்துவிட்டது. நிறைவேற்றும் பொறுப்பு, அவர் கடுமையாகக் கண்டித்த அதே அதிகாரிகளிடமே எஞ்சியது.

உடல்நலம் குன்றியதால் 1924இல் இந்தியாவை விட்டுச் சென்ற கெடிஸ், தென் பிரான்சின் மொன்பெலியே நகரில் மாணவர் இல்லமொன்றை அமைத்தார். 1925இல் டெல் அவிவ் நகருக்கான திட்டத்தை வரைந்தார். 1932இல் பிரித்தானிய அரசின் சேர் பட்டத்தைப் பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி மொன்பெலியேயில் காலமானார்.

அவருக்குப் பின்னரும் கொழும்புக்குத் திட்டங்கள் குறைவின்றியே வந்துள்ளன. 1948இல் பற்றிக் அபர்குரொம்பி ரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களில் துணை நகரங்களை அமைக்கத் திட்டம் வகுத்தார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோற்றம் பெற்றது. 1984இல் ஆரம்பிக்கப்பட்ட பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் கீழ், தோட்டவாசிகள் இருந்த இடத்திலேயே தமது வீடுகளைத் திருத்திக்கொள்ளவும், தமது பொதுக் குழாயையும் மலசலகூடத்தையும் தாமே கூடித் தீர்மானிக்கவும் வாய்ப்பளிக்கப்பட்டது. கெடிஸின் வழிக்கு மிக நெருங்கி நின்ற முயற்சி அதுவே எனலாம். 2010ஆம் ஆண்டின் பின் காற்று மாறியது. நகரின் 68,000 வரையான குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. அதனால் நல்ல கூரையும் தனி மலசலகூடமும் பெற்றவர்கள் உள்ளனர். வாசலில் நடத்திய சிறு கடையையும் ஆபத்துக்கு ஓடிவரும் அயலவரையும் இழந்தவர்களும் உள்ளனர்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. நகரின் கழிவை எருவாக்கித் தோட்டங்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று இந்தூரில் கெடிஸ் எழுதி ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின்னர், ஒரு தலைநகர் தனது கழிவை ஏழைகளின் வீட்டுக் கூரைக்கு மேலே குவித்து வைத்திருந்தது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

கெடிஸின் அறிக்கையை அப்படியே இன்று பின்பற்ற வேண்டும் என நாம் கூறவில்லை. நகரமும் மாறிவிட்டது, சனத்தொகையும் பெருகிவிட்டது. சில கட்டடங்கள் இடிக்கப்பட வேண்டியவையே. ஆயினும் வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன் அந்த முடுக்கில் ஒருமுறை நடந்து பாருங்கள் என்ற அவருடைய படிப்பினை பழையதாகிவிடவில்லை. அதற்கு வெளிநாட்டுக் கடனோ நிபுணர் குழுவோ தேவையில்லை. மாநகர சபை உறுப்பினர் ஒருவர் அதிகாலையில் தமது வட்டாரத்தின் தெருக்களில் இறங்கி நடந்து, அடைபட்ட வடிகாலையும் எரியாத தெரு விளக்கையும் வீட்டுக்காரரின் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.