தாகூரின் பாட்டு பொதுச் சொத்தான கதை



சுதந்திர தினத்தன்று நாம் பாடும் தேசிய கீதத்தை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அவர் பாட்டுகளின் உரிமை 2001 முடியும்வரை ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1861 மே 7 அன்று கல்கத்தாவில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் தாகூர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. முப்பது வயதை ஒட்டி, கிழக்கு வங்காளத்தில் இருந்த குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளப் போனார். ஆற்றில் படகுதான் அவருக்கு வீடு. பாவுல் என்னும் நாடோடிப் பாடகர்களின் மெட்டுகள் அங்கேதான் அவர் மனதில் ஏறின. ககன் என்ற கிராமத்துத் தபால்காரர் பாடிய மெட்டில் அவர் எழுதிய பாட்டுதான் இன்று வங்கதேசத்தின் தேசிய கீதம்.

குடியானவர்கள் வட்டிக்காரர்களிடம் சிக்கித் தவிப்பதையும் அவர் அங்கே பார்த்தார். 1905-இல் பதிசர் என்ற ஊரில் விவசாயிகளுக்காக ஒரு வங்கியே தொடங்கினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது மனைவி மிருணாளினியின் நகைகளும் அதற்காக விற்கப்பட்டன. மறு ஆண்டே மனைவி காலமானார். அடுத்து ஒரு மகள். 1907-இல் இளைய மகன். இத்தனை துக்கத்திலும் அவர் பாட்டு நிற்கவில்லை. மெட்டைப் போட்டுவிட்டு அவரே மறந்துவிடுவாராம். அண்ணன் பேரன் தினேந்திரநாத்தான் ஸ்வரப்படுத்தி எழுதி வைத்தார். மொத்தம் 2000-க்கும் மேற்பட்ட பாட்டுகள்.

1913-இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தைப் பதிசர் வங்கியில் போட்டு, வட்டி பள்ளிக்குப் போகும்படி செய்தார். பின்னாளில் விவசாயக் கடன்கள் திரும்பி வராமல் வங்கி முடங்கியது, அசலும் போயிற்று. அதனால் சாந்திநிகேதனுக்கு அவர் விட்டுச்சென்றவற்றில் நிலைத்த வருமானம் எழுத்தின் உரிமைதான். தம் வங்காள நூல்களின் உரிமையை விஸ்வபாரதிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1941 ஆகஸ்டு 7 அன்று காலமானார்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 50 ஆண்டு கணக்கு. நம் வைப்புத்தொகை போல இதற்கும் ஒரு முதிர்வு தேதி உண்டு. தாகூருக்கு அது 1991 டிசம்பர் 31. தேதி நெருங்கியபோது அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லா ஆசிரியர்களுக்கும் 60 ஆண்டாக நீட்டியது.

அதுவரை அவர் பாட்டை இசைத்தட்டாக வெளியிட விஸ்வபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மெட்டு சிதையாமல் காத்தது அந்தக் குழுதான். ஆனால் தேபப்ரத பிஸ்வாஸ் போன்ற பெரிய பாடகர், வாத்திய இசை பற்றிய அதன் ஆட்சேபங்களால் மனம் நொந்து பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். 2001 டிசம்பர் 31-உடன் உரிமை முடிந்தது. பிறகு 2012-இல் வந்த 'கஹானி' இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் தாகூர் பாட்டு ஒன்றைப் புதிய இசையமைப்பில் பாடினார்.

நமக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. தாகூர் எழுதி மெட்டமைத்த பாட்டை உங்கள் பேத்தி நம் விழா மேடையில் பாடலாம். அந்தக் காணொளியை இணையத்தில் போடலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் சென்ற ஆண்டு வெளிவந்த ஒரு பாடகரின் பதிவைப் பின்னணியில் சேர்த்தால் அது வேறு கணக்கு. பதிவுக்கு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தனியாக 60 ஆண்டு உண்டு. எந்தப் பாட்டானாலும் எழுதியவர், மெட்டமைத்தவர், பதிவு வெளியான ஆண்டு ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.