ஏமி ஜான்சன் அம்மையார்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள லிங்கன்ஷயர், நார்போக், சபோக் ஆகிய மாவட்டங்கள் உழவுத் தொழிலிற் சிறந்தவை. அங்குக் கோதுமை வயல்களின் ஊடே செல்வோர், பயிர்களுக்கு நடுவே அகன்று நேராக ஓடிவரும் சிமிட்டித் தளம் ஒன்று வழியிலேயே முடிந்துபோவதைக் காண்பர். அதன் வெடிப்புகளிற் புல் முளைத்திருக்கும். சற்று அப்பால், கதவும் பலகணியும் இழந்த ஈரடுக்குக் கட்டடம் ஒன்று தனித்து நிற்கும். அவை இரண்டாம் உலகப் போரின்போது எழுந்த விமானத் தளங்களின் எச்சங்கள். அக்காலத்தில் இத்தகைய தளங்கள் அத்தீவு நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றிலிருந்து போருக்குச் சென்ற வீரர்களைப் பற்றி நூல்கள் பல உள. ஆனால் போரிடாமலே அத்தளங்கள் தோறும் சென்று, விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்து மீண்ட ஒரு கூட்டத்தினரும் இருந்தனர். அவருள் ஒருவரே ஏமி ஜான்சன் அம்மையார்.

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், ஹல் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் மீன் வாணிகர். நான்கு பெண்மக்களுள் ஏமியே மூத்தவர். ஷெபீல்டு பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்று பட்டம் பெற்ற அவர், பின்னர் இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றிற் பணிபுரிந்தார். 1928ஆம் ஆண்டில், நகரின் புறத்தே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் இருந்த விமானச் சங்கத்திற் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகலானார். தனித்துப் பறக்கும் தகுதி பெற அவருக்குப் பிறரினும் மிகுதியான நேரம் பிடித்தது. எனினும் அவர் ஓட்டப் பழகியதோடு அமையவில்லை. எண்ணெயும் அழுக்கும் படிந்த உடையுடன் கொட்டகையில் நின்று, இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் செம்மை செய்யவும் கற்றார். விமானப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி அவரே. இது நிகழ்ந்தது 1929ஆம் ஆண்டில்.

அதற்கு அடுத்த ஆண்டே அவர் ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்கத் துணிந்தார். அதுகாறும் அவர் பறந்த மிக நீண்ட தொலைவு இலண்டனிலிருந்து ஹல் நகர் வரையே! தந்தையாரும் வேக்பீல்டு பிரபுவும் பொருளுதவி செய்ய, பழைய சிறு விமானம் ஒன்றை 600 பவுனுக்கு வாங்கினார். தந்தையாரின் மீன் வாணிக முத்திரைப் பெயராகிய ஜேசன் என்பதையே அதற்கும் சூட்டினார். மேலே கூரையற்றது அவ்விமானம். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் கிராய்டன் தளத்தினின்றும் புறப்பட்ட ஏமி, பாக்தாது நகரை அணுகும்போது மணற்புயலிற் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கினார். புயல் ஓயும்வரை விமானத்தைக் காத்து நின்றார். ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். அவருக்கு முன் தனியே பறந்தோருள் எவரும் அவ்வளவு விரைவில் இந்தியாவை அடைந்ததில்லை. அங்கிருந்து அலகாபாத்துக்குச் செல்லும் வழியில் எரிபொருள் குறைந்தமையால், ஜான்சியில் படைவீரர் அணிவகுக்கும் திடலில் இறங்கினார். பின்னர்க் கல்கத்தா வழியே பர்மாவுக்குச் சென்றவர், பெருமழையில் திசை தடுமாறி, இரங்கூனை அடுத்த இன்சினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்க, விமானம் பள்ளத்திற் பாய்ந்து சிறகு ஒடிந்தது. அவ்வூர்த் தொழிற்கல்லூரியினர் உதவ, அதனைச் செப்பனிட்டுக்கொண்டு மீண்டும் எழுந்தார். மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். இங்ஙனம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்னும் புகழ் அவரை அடைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அவர் டோக்கியோவுக்கும் கேப் டவுனுக்கும் பறந்தார். அவர் பெயரை அறியாதார் இங்கிலாந்தில் இலர் எனலாம்.

1939ஆம் ஆண்டில் போர் மூண்டது. தொழிற்சாலைகளில் விமானங்கள் இடையறாது உருவாயின. அவற்றைப் படைத்தளங்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும். போர் விமானிகளை இதற்கு விடுத்தல் இயலாது. ஆகவே, வயது மிகுந்தமையாலோ உடற்குறையாலோ படையிற் சேர இயலாத விமானிகளைக் கொண்டு, விமானப் போக்குவரத்துத் துணைப்படை என ஒன்று அமைக்கப்பெற்றது. கையிழந்தவரும் கண்ணிழந்தவரும்கூட அதிற் பணிபுரிந்தனர். 1940 ஜனவரியில் பாலின் கோவர் அம்மையாரின் தலைமையில் ஹாட்பீல்டு தளத்தில் பெண்கள் பிரிவு தொடங்கிற்று. முதலில் அமைந்தோர் எண்மர். அவருள் ஏமி இல்லை; அவ்வாண்டு மே மாதத்தில் அவர் சேர்ந்தார். உலகெங்கும் பெயர் பெற்றவராயினும், ஏனையோருள் ஒருவராகவே அவர் பணியேற்றார். பெண்களுக்கு ஆடவரினும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஊதியம் அளிக்கப்பட்டது. இக்குறை 1943ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று.

இப்பணி எளிதென்று கருதுதல் பிழை. அவர்கள் ஓட்டிய விமானங்களில் வானொலிக் கருவி இல்லை, படைக்கலமும் இல்லை. முகிலுக்குள் புகாமல், நிலம் கண்ணுக்குத் தெரியும் உயரத்திலேயே பறத்தல் வேண்டும் என்பது விதி. நிலப்படமும் திசைகாட்டியுமே துணை. இருப்புப்பாதையையும் ஆற்றையும், பண்டை உரோமானியர் வகுத்த நேரான சாலைகளையும் கீழே நோக்கி வழி அறிவர். சேரவேண்டிய தளத்தைக் கண்டறிவதும் அரிது. பகைவர் கண்ணில் படாதிருத்தற்பொருட்டு, தளத்தின் புல்தரை மீது வேலிகள் போன்ற கோடுகளைத் தீட்டியும் கொட்டகைகளுக்குப் பச்சை வண்ணம் பூசியும் வயல்களே போலத் தோன்றச் செய்திருந்தனர். பகைவனை மயக்கச் செய்த அச்சூழ்ச்சி, தம்மவரையும் மயக்கியதில் வியப்பில்லை. நகரங்களைச் சுற்றிலும் இரும்புக் கயிற்றிற் கட்டிய பெரும் பலூன்கள் மிதந்தன. முகிலிடையே அக்கயிறு சிறகிற் பட்டால் விமானம் வீழ்வது உறுதி.

போரின் தொடக்கத்தில் இத்தளங்கள் பல வெறும் புல்வெளிகளே. மழை பெய்தாற் சேறாகும். கனத்த குண்டு விமானங்கள் வந்தபின்னரே சிமிட்டி ஓடுபாதைகள் மிகுந்தன. 2,000 கஜ நீளமுள்ள ஒன்றும் 1,400 கஜ நீளமுள்ள இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு அமைப்பது பிற்கால வழக்கம். ஏமி அறிந்தவை பெரும்பாலும் முந்திய புல்தளங்களே. விமானத்தை ஒப்படைத்துவிட்டுக் குளிரிலும் இருட்டிலும் கூட்டம் மிகுந்த புகைவண்டியேறித் திரும்புவதும் அப்பணியைச் சேர்ந்ததே. தளத்தில் இருப்பதும் இடரற்றதன்று. 1940 அக்டோபர் 3ஆம் நாள் பகை விமானம் ஒன்று ஹாட்பீல்டு தொழிற்சாலைமீது குண்டு வீச, 21 பேர் மாண்டனர்.

1941ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஸ்காத்லாந்தின் பிரெஸ்டுவிக் தளத்திலிருந்து ஆக்ஸ்போர்டு வகைப் பயிற்சி விமானம் ஒன்றை, ஆக்ஸ்போர்டு நகருக்கு அண்மையில் உள்ள கிட்லிங்டன் தளத்திற் சேர்க்கும் பணி ஏமிக்குக் கிடைத்தது. வழியில் பிளாக்பூலில் இறங்கித் தம் தங்கையின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார். ஜனவரி 5ஆம் நாள் வானிலை மிகக் கொடிதாயிருந்தது. எனினும் நண்பகலுக்குச் சற்று முன் அங்கிருந்து புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் சென்றடையக்கூடிய தொலைவே அது. ஆனால் கிட்லிங்டனில் அவர் இறங்கவில்லை. மாலை மூன்றரை மணியளவில், நெடுந்தொலைவுக்கு அப்பால், தேம்ஸ் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில், ஹெர்ன் பே என்னும் ஊருக்கு எதிரே, குடை விரித்து ஒருவர் நீரில் இறங்குவதை ஹாசில்மியர் என்னும் கடற்படைக் கப்பலினர் கண்டனர். கப்பலை விரைந்து செலுத்தியும், பேரலையால் அவரைப் பற்ற இயலவில்லை. கப்பல் தலைவர் வால்ட்டர் பிளெட்சர் உறைகுளிர் நீரிற் குதித்தார். அவரை மீட்டெடுத்தபோது நினைவிழந்திருந்தார். குளிரின் கொடுமையால் அவரும் உயிர் துறந்தார். ஏமியின் பை ஒன்றும் சில பொருள்களுமே கிடைத்தன, உடல் கிடைக்கவில்லை. முகிலிடையே திசை தவறி எரிபொருள் தீர்ந்தது என்பர் சிலர். தம் நாட்டுப் பீரங்கியே பகை விமானம் என மயங்கிச் சுட்டது என்பர் வேறு சிலர். இன்றுவரை முடிவு காணப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 37.

பெண்கள் போர் விமானங்களை ஓட்ட இசைவு கிடைத்தது அதே ஆண்டு ஜூலையில்; ஏமி அதனைக் காணவில்லை. டார்வின் பயணத்தை வரவேற்கப் பெருந்திரள் கூடிற்று. கிட்லிங்டனில் ஒரு பயிற்சி விமானத்தைச் சேர்ப்பதைக் கைதட்டிப் பார்ப்பவர் எவரும் இலர். ஆயினும், பின்னதற்கு வேண்டிய நெஞ்சுரம் முன்னதற்குச் சிறிதும் குறைந்ததன்று. அத்துணைப்படை 1945 நவம்பரிற் கலைக்கப்பட்டது. அதற்குள் அதனால் இடஞ்சேர்க்கப்பட்ட விமானங்கள் 3,09,000க்கு மேற்பட்டவை.

போர் முடிந்தபின் தளங்கள் பல மீண்டும் உழவர் கைக்குச் சென்றன. சிமிட்டித் தளத்தை உடைத்துச் சாலைக்கு இட்டனர். எஞ்சியதன்மேல் கோழிக் கொட்டில் அமைத்தனர். ஏமி பறக்கக் கற்ற ஸ்டாக் லேன் வீடுகளால் நிறைந்துவிட்டது. ஹாட்பீல்டில் இப்பொழுது பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன. துணைப்படையின் தலைமையிடமாயிருந்த ஒயிட் வால்தம் மட்டும் புல்வெளியாகவே இருந்து, சிறு விமானங்களை ஏற்று வருகின்றது. ஜேசன் விமானம் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் உளது. உடல் கிடைக்காத வான்படையினரின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னம் ஒன்று ரன்னிமீடு என்னுமிடத்தில் குன்றின்மேல் அமைந்துள்ளது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்கு இடையே ஏமி ஜான்சன் என்னும் பெயரும் அங்கு உண்டு. அக்குன்றின் கீழே ஓடுவது தேம்ஸ் ஆறு.