கறிவேப்பிலையில் பெயர் இருக்கும் தரங்கம்பாடி டாக்டர்: யார் இந்த கோனிக்?

திருக்கடையூருக்கு எதுக்குப் போறாங்கன்னு டெல்டாவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அறுபது முடிந்தால் மணிவிழா, எண்பது முடிந்தால் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனையே தடுத்த அமிர்தகடேஸ்வரர் சன்னதியில், இன்னும் கொஞ்ச காலம் ஆயுள் கேட்டு நிற்கிற கூட்டம் அது.

அங்கிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். இங்கே 1768-ல் கப்பலில் வந்து இறங்கியவர்தான் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தொழிலால் மருத்துவர், மனசெல்லாம் செடியிலும் பூச்சியிலும். அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட உயிர்கள் மூன்று: ஒரு பனிநாட்டுச் செடி, நம்ம ஊர் ஈசல், வீட்டுக் கொல்லையில் நிற்கிற கறிவேப்பிலை. தனி உயிர் சீக்கிரம் போனாலும் இனம் எப்படித் தப்பிக்கிறது என்பதற்கு மூன்றும் மூன்று வழி வைத்திருக்கின்றன.

கோனிக் பிறந்தது 1728-ல், இன்றைய லாட்வியா நாட்டில். ஸ்வீடனின் உப்சாலாவில் லின்னேயஸிடம் படித்தார். செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தினாரே, அதே லின்னேயஸ். பிறகு டென்மார்க்கில் வேலை. அங்கிருந்து 1764-65-ல் தாவரங்களைத் தேடி ஐஸ்லாந்து போனார்.

அங்கே அவர் கண்ணில் பட்ட ஒரு செடிக்கு லின்னேயஸ் 1767-ல் கோனிகியா என்று மாணவர் பெயரையே வைத்தார். சில சென்டிமீட்டர் உயரம்தான். குனிந்து தேடினால்தான் தெரியும். பனிப் பிரதேசத்துச் செடிகள் பெரும்பாலும் பல வருஷம் உயிரோடு இருந்து, நல்ல கோடை வரும்போது பூப்பவை. இது அப்படி இல்லை. பனி உருகிய சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும். பூச்சி வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும். குறுவைக்குத் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற வயதுள்ள ரகத்தை விதைக்கிற விவசாயிக்கு இந்தச் செடியின் அவசரம் புரியும்.

தரங்கம்பாடியில் மிஷனின் மருத்துவராக இருந்தார். ஆனால், அந்தச் சம்பளத்தில் ஊர் ஊராகப் போய்ச் செடி சேர்க்க முடியவில்லை. 1774-ல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778-ல் கிழக்கிந்திய கம்பெனிக்கு மாறினார். சயாம், மலாக்கா வரை போய்வந்தார்.

1779-ல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் தென்னிந்தியக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியானது. கறையானைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் அது முக்கியமானது. அதில் ஈசல் பிடிக்கும் முறையை அவர் விவரித்திருப்பதைப் படித்தால் நம்ம ஊர் ஆட்கள் பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கும். புற்றில் காற்று வருகிற பக்கம் ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை. காற்று வருகிற பக்கம் நாற்றமடிக்கிற பொருளைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். எதிர்ப்பக்கம் பானையின் வாயை வைப்பார்கள். அந்தப் பானையில் முன்கூட்டியே தேய்த்து வைப்பது கறிவேப்பிலை! புகைக்கு ஈசல் மட்டுமில்லை, சில சமயம் நல்ல பாம்பும் பானைக்குள் வந்துவிடும், அதனால் ஜாக்கிரதையாக எடுப்பார்கள் என்றும் சொல்கிறார். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றிருக்கிறார்கள். அளவு மீறினால் வயிற்றுக்கடுப்பு வரும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஒரு இடத்தில் அவர் கணக்கு தப்பிவிட்டது. சிறகு முளைத்ததெல்லாம் பெண் பூச்சி என்று எழுதினார். உண்மையில் ஈசலில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மழை விட்ட சாயங்காலம் ஒரே நேரத்தில் பல புற்றுகளிலிருந்து கிளம்புவது எதுக்கு? காக்கா, பல்லி, தவளை, மனுஷன் எல்லாரும் வயிறு முட்டத் தின்ற பிறகும் சில மிஞ்ச வேண்டும் என்பதற்கு. வேறு வேறு புற்றிலிருந்து வந்தவை ஜோடி சேரவும் அது வழி. விளக்கடியில் காலையில் குவிந்து கிடக்கும் சிறகுகளைப் பார்த்திருப்பீங்க. தரையில் இறங்கியதும் சிறகை உதிர்த்துவிட்டு, ஜோடியாக மண்ணுக்குள் போய்விடும். ஆயிரத்தில் ஏதோ சில ஜோடிதான் தப்பிக்கும். அது போதும். தப்பித்த பெண் ராணியாகி, புற்று பெருத்த பிறகு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் வருஷக்கணக்கில். தேனீயில் ஆண் கூடியதும் செத்துவிடும். கறையானில் ராஜா கடைசிவரை ராணியோடு இருக்கும்.

கறிவேப்பிலையின் வழி வேறு. பழுத்துக் கறுத்த பழத்தைப் பறவைகள் விழுங்கி, எச்சத்தோடு விதையைத் தூரத்தில் போடும். ஆனால் இந்த விதை நெல் மாதிரி குதிருக்குள் காத்திருக்காது. காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் பறித்த சில நாட்களிலேயே விதைக்கச் சொல்வது அதனால்தான். விதை கைவிட்டாலும் மரம் கைவிடாது. தாய் மரத்தைச் சுற்றி வேரிலிருந்தே கன்றுகள் கிளம்பும். பக்கத்து வீட்டிலிருந்து நாம் பெயர்த்து வந்து நடுவது பெரும்பாலும் அதைத்தான். அந்தக் கன்று தாய் மரத்தின் நகல். புதுக் கலப்புக்கு விதைதான் வேண்டும்.

கோனிக் அனுப்பிய மாதிரியைப் பார்த்து இந்த மரத்துக்கு லின்னேயஸ் பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். பானையில் தேய்க்கக் கறிவேப்பிலையே சரி என்று கண்டுபிடித்தவர்கள் பெயர் எதிலும் ஏறவில்லை. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

கோனிக் அச்சில் போட்டது குறைவு. செடிகளும் குறிப்புகளும் நண்பர்களுக்கும் ஐரோப்பிய அறிஞர்களுக்கும் கடிதத்தோடு போய்க்கொண்டே இருந்தன. இந்தியத் தாவரவியலின் தந்தை எனப்படும் ராக்ஸ்பரோ அவரோடு பழகியவர்தான். 1785 ஜூன் 26 அன்று, இன்றைய காக்கிநாடாவில் இருக்கும் ஜெகந்நாதபுரத்தில், வயிற்றுக்கடுப்பால் கோனிக் இறந்தார். வயது 56. காகிதங்களையெல்லாம் லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார்.

கறிவேப்பிலையைப் பிற்காலத்தில் முர்ரயா கோனிகி என்று மாற்றினார்கள். இப்போது பல தாவரவியலாளர்கள் பழைய பெர்கெராவுக்கே திரும்பியிருக்கிறார்கள். முன்பாதி மாறிக்கொண்டிருக்கிறது, கோனிகி மட்டும் அப்படியே இருக்கிறது.