நம் பக்கத்துக் கடற்கரையும் கல்கியும்

போன இதழில் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு மூன்று பக்கம் ஓடியதால் என் கட்டுரைக்கு இடமில்லாமல் போயிற்று. இந்தக் காலாண்டில் இடம் தந்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி. வழக்கம்போல மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கைதான். இந்த முறை கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி.

அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என் பேரன். கோடை விடுமுறைக்கு வந்தவன் நாள் முழுக்கச் சீனத்து மூன்று ராஜ்யங்களின் கதையிலேயே இருந்தான். முதலில் கம்ப்யூட்டர் கேம், பிறகு தொலைக்காட்சித் தொடர், பிறகு தலையணை கனத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஹான் வம்சம் சரிந்தபின் மூன்று அரசுகள் அடித்துக்கொண்ட கதை. நடந்தது மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி. அதை லுவோ குவான்சோங் நாவலாக்கியது பதினான்காம் நூற்றாண்டில் என்கிறார்கள். 120 அத்தியாயம். அதில் வரும் குவான் யூ என்ற தளபதிக்குச் சீனர்கள் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்களாம். இட்லி ஆறும் வரை பேரன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் புலிகேசி யார் தெரியுமா என்று கேட்டேன். வடிவேலு என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. புலிகேசியோடு பல்லவர்கள் மோதிய மணிமங்கலம், நம் குடியிருப்பிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். அந்தப் போரைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்த மனிதருக்குக் கதை முளைத்த இடம் மாமல்லபுரக் கடற்கரை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1899 செப்டம்பர் 9. ஊர் மாயவரம் பக்கம் புத்தமங்கலம். அப்பா ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். கணக்கு எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாட ஆசை. ஊர்ப் பள்ளி, மாயவரம் முனிசிபல் பள்ளி என்று படித்துவிட்டு, திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத வேண்டிய நேரத்தில் படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்த நாளில் அந்தச் சான்றிதழ் இருந்தால் எங்காவது ஒரு நாற்காலி உறுதி. முப்பத்தைந்து வருஷம் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் நான். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. 1922இல் ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காக ஓராண்டு சிறை. வயது 23.

வெளியே வந்ததும் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் உதவி ஆசிரியர் வேலை. தமிழ் நடையை அங்கேதான் பழகினார். ஐந்து வருஷம் கழித்து அதையும் விட்டுவிட்டு, திருச்செங்கோடு பக்கத்தில் ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்துக்குப் போனார். மதுவிலக்குக்காகவே ராஜாஜி கொண்டுவந்த விமோசனம் என்ற பத்திரிகையில் வேலை. குடியால் அழிந்த குடும்பங்களைப் பற்றி அவர் எழுதிய சிறுகதைகள் பல அந்தக் காலத்தவை. 1930இல் மறுபடி ஆறு மாதம் சிறை.

பிறகு எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன். தமிழ்நாட்டுக்கு அவரைத் தெரிய வைத்தது இந்தப் பத்து வருஷம். கதை, கட்டுரை, நகைச்சுவை, சினிமா விமரிசனம் எல்லாம் எழுதினார். கர்நாடகம் என்ற புனைபெயரில் சங்கீத விமரிசனமும் எழுதினார். கள்வனின் காதலி, தியாகபூமி எல்லாம் விகடனில் வந்தவை. தியாகபூமி 1939இல் சினிமாவும் ஆயிற்று.

இந்த விகடன் காலத்தில்தான் ஒரு நாள் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரோடு மாமல்லபுரம் வந்திருக்கிறார். இரவில் இரண்டு பேரும் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது மகேந்திர பல்லவர், மாமல்லர், ஆயனச் சிற்பி, அவர் மகள் சிவகாமி ஆகியோர் ஒவ்வொருவராக மனத்தில் எழுந்து வந்ததாகக் கல்கியே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆனால் உடனே எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் போல அவர்களை மனத்துக்குள்ளேயே வைத்திருந்தார். வாரம் தவறாமல் பக்கம் நிரப்ப வேண்டிய பத்திரிகைக்காரருக்கு இது சின்னப் பொறுமை இல்லை.

நடுவில் 1941 வந்தது. தனிநபர் சத்தியாகிரகம். விகடனை விட்டுவிட்டு மூன்றாம் முறை சிறைக்குப் போனார், மூன்று மாதம். இப்போது மனைவி ருக்மிணி, இரண்டு குழந்தைகள், வயது 41. திரும்பி வந்தால் வேலை கிடையாது. நண்பர் டி. சதாசிவமும் அவரும் சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கத் தீர்மானித்தார்கள். கையில் பணமில்லை. சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேஷத்தில் நடித்தார். அந்தச் சம்பளம்தான் முதலீடு. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருந்தால் மேலே அனுப்பியிருக்க மாட்டேன். யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு, ஈடு எதுவும் இல்லை. ஆனால் 1941 ஆகஸ்டில் கல்கி இதழ் வெளியாயிற்று. சில வருஷங்களில் விற்பனை 70 ஆயிரத்தைத் தாண்டியது.

புதுப் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு சரித்திரத் தொடர்களுக்கு. முதலில் பார்த்திபன் கனவு. 1944இலிருந்து 1946 வரை சிவகாமியின் சபதம். கதைக் காலப்படி சிவகாமிதான் முந்தியது. எழுதியது மட்டும் பிந்தி.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாதாபியிலிருந்து சாளுக்கியப் புலிகேசி பெரும் படையோடு வருகிறான். மகேந்திர பல்லவர் நேருக்கு நேர் மோதாமல், மாறுவேஷத்தில் எதிரி முகாமுக்கே போய் வந்து, நாள்களைக் கடத்தி, காஞ்சிக் கோட்டையைத் தயார் செய்கிறார். கோட்டை தப்புகிறது. நடனப் பெண் சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குப் போகிறாள். அந்த நகரம் எரிந்தால்தான் திரும்புவேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லர் அதை நிறைவேற்ற வருஷக்கணக்காகிறது. பேரனுடைய சீனக் கதையிலும் இப்படித்தான், படை குறைந்த பக்கம் தந்திரத்தால் சமாளிக்கிறது. அங்கே சூகே லியாங் என்ற மதியூகியின் மேல் வாசகர்களுக்கு எவ்வளவு பிரியமோ, இங்கே மகேந்திரர் மேல் அவ்வளவு.

இதில் எது சரித்திரம், எது கற்பனை என்று தெரிந்துகொள்வது நல்லது. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, தளபதி பரஞ்சோதி நிஜம். பரஞ்சோதிதான் பின்னால் பெரியபுராணம் சொல்லும் சிறுத்தொண்டர். மணிமங்கலத்தில் நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. வாதாபி விழுந்தது 642ஐ ஒட்டி. இன்றைய பாதாமியில் பாறை மேல் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. நம் திருக்கழுக்குன்றத்துச் சோழர் காலக் கல்வெட்டிலும் வாதாபி கொண்டவர் என்ற பட்டத்தோடு அவர் பெயர் வருகிறது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குன்றில் மகேந்திரர் காலத்துக் குடைவரைக் கோயிலே உண்டு. பக்கத்தில் இருந்துகொண்டு நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்பது வேறு விஷயம். சிவகாமி, ஆயனர், நாகநந்தி ஆகியோர் கல்கியின் படைப்பு. ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் சிவகாமி ஆடிய இடம் எது என்று வழிகாட்டியிடம் ஒரு அம்மாள் விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பாறையைக் காட்டினார்!

சீனத் தொடர்பும் இல்லாமல் இல்லை. யுவான் சுவாங் என்ற சீனத் துறவி 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார்; கல்கியின் நாவலிலும் வந்து போகிறார். அவருடைய இந்தியப் பயணத்தை வைத்துத்தான் சீனர்கள் குரங்கு வீரன் வரும் இன்னொரு பெரிய நாவலை உண்டாக்கிக்கொண்டார்கள். 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றபோது, நம் குடியிருப்பில் எல்லோரும் டிராபிக் மாற்றத்தைப் பற்றித்தான் பேசினோம். நானும்தான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று. என் தாய்வழிப் பாட்டி வீடு செங்கல்பட்டில். நான்கு வீடு சேர்ந்து ஒரு கல்கி வாங்குவார்கள். தொடர் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படி அடுக்கி, நூலால் தைத்து வைத்தார் பாட்டி. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. எல்லோரும் படித்துப் படித்து அந்தத் தையல் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் எங்கேயோ போய்விட்டன. வாதாபி எரிந்தது வரைதான் அம்மாவுக்குத் தெரியும். மாமல்லர் வென்று வந்தார், சிவகாமியைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று தானே முடித்து, அப்படியே எங்களுக்கும் சொல்லி வளர்த்தார். வங்கியில் சேர்ந்த வருஷம், முதல் சம்பளத்தில் நான்கு பாகமும் வாங்கிக் கொடுத்தேன். நான்காம் பாகத்தின் பெயரே சிதைந்த கனவு. மாமல்லருக்கு ஏற்கனவே மணமாகிவிட்டது, சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதருக்கே தன்னைக் கொடுத்துவிடுகிறாள் என்று படித்ததும் அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கோபம் கல்கி மேலா, என் மேலா என்று தெரியவில்லை. கற்பனைப் பெண் தானே என்று நான் சமாதானம் சொல்லப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மறுபடி ஒரு முறை முழுதாகப் படித்தார். அதற்குப் பிறகு யாருக்குக் கதை சொன்னாலும் கல்கி எழுதிய முடிவையே சொன்னார். ஆனால் அந்த இடம் வரும்போது குரல் இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட வாசகர்களைத்தான் கல்கி சம்பாதித்தார். 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆராய்ச்சிகளைப் படித்து, ஓவியர் மணியத்தோடு இலங்கை வரை போய்ப் பார்த்து எழுதினார். முடிந்தபோது வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேள்விகள். பதில் சொல்லத் தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. குந்தவை, வானதி, அருள்மொழி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நம் சி பிளாக்கிலேயே ஒரு வானதி இருக்கிறாள். எம்.ஜி.ஆர். 1950களிலேயே படமாக்க உரிமை வாங்கினார், நடக்கவில்லை. மணிரத்னம் எடுத்து வெளியாக 2022 ஆயிற்று.

ஆனால் தம் நாவல்களில் நிலைத்து நிற்கத் தகுதியுள்ளது அலை ஓசைதான் என்பது கல்கியின் எண்ணம். சுதந்திரப் போராட்டமும் பிரிவினையும் வரும் சமூக நாவல் அது. சாகித்திய அகாதெமியும் 1956இல் அதற்குத்தான் பரிசு கொடுத்தது. வாசகர்கள் கேட்கவில்லை, பல்லவரையும் சோழரையும் பிடித்துக்கொண்டு விட்டார்கள். அலை ஓசையை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். கல்கி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனாலும் மழை நாளில் கை போவது சிவகாமிக்குத்தான்.

நாவலோடு நிற்கவில்லை அவர். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடமே நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. தமிழிசைக்காக வரிந்து கட்டிச் சண்டை போட்டார். மீரா படத்தில் எம்.எஸ். பாடிய காற்றினிலே வரும் கீதம் இவர் எழுதிய பாட்டு. இவ்வளவும் வாரப் பத்திரிகையின் அவசரத்துக்கு நடுவில்.

உடம்பு தாங்கவில்லை. காசநோய். பொன்னியின் செல்வனை முடித்த அதே 1954இல், டிசம்பர் 5 அன்று, சென்னையில் காலமானார். 55 வயதுதான். எழுதிக்கொண்டிருந்த அமரதாரா பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதனால்தான் இன்று குறைந்த விலையில் எல்லாப் பதிப்பகமும் போடுகிறது.

பேரன் ஊருக்குப் போகும் முன் முதல் பாகத்தில் எண்பது பக்கம் படித்தான். தமிழ் கொஞ்சம் தடுமாற்றம். நாகநந்தி மேல்தான் அவனுக்குச் சந்தேகம், சரியான சந்தேகம். மீதியைப் போனில் நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிளப் ஹவுஸ் நூலக அலமாரியில் சிவகாமியின் சபதம் முதல், இரண்டாம், நான்காம் பாகங்கள் இருக்கின்றன. மூன்றாம் பாகம் பிக்ஷுவின் காதல், பிப்ரவரியிலிருந்து காணோம். பதிவேட்டில் கையெழுத்து இல்லை. எடுத்தவர்கள் படித்து முடித்ததும் செக்யூரிட்டி அறையில் கொடுத்தால் போதும், பெயர் கேட்க மாட்டோம். மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லம், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்வர வேன் ஏற்பாடு செய்யலாம் என்றிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.