பிறர் துயரைத் தன் உடம்பில் சுமந்தவர்: வள்ளலாரின் வாழ்க்கை போரைக் கடந்தவர்களுக்குச் சொல்வது

அடுத்த வீட்டில் அழுகை கேட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் எதிரே இருப்பவரின் முகம் வாடியிருந்தால், வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்த முகம் அவர்களை விட்டுப் போகாது. இவர்களை இளகின மனசுக்காரர் என்போம். எரிச்சலில் இருந்தால், ஊரார் பாரத்தையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறவர் என்போம். அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1996இல் வெளியிட்ட நூலில், இப்படிப்பட்டவர்களை மிகை உணர்திறன் கொண்டவர்கள் என்று அடையாளப்படுத்தினார். இது நோய் இல்லை, பிறவியோடு வருகிற இயல்பு என்பது அவருடைய நிலைப்பாடு. மக்களில் 15 முதல் 20 வீதமானோர் இப்படி இருப்பார்கள் என்பது அவரது கணிப்பு.

போரால் அலைக்கழிந்த சமூகத்தில் இந்த இயல்போடு வாழ்வது எப்படி என்பதுதான் என் கேள்வி. நான் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவள். 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் உறவினர்களில் ஒரு பகுதியினர் பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போனார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாம்களில் இருந்து மீண்டவர்கள் அவர்கள். இப்போது நான் கண்டி – குருநாகல் வீதியில் உள்ள கலகெதரயில் இருக்கிறேன். சிங்களவரும் முஸ்லிம்களும் நிறைந்த ஊர் இது. தமிழில் மனம்விட்டுக் கதைக்க ஆள் குறைவு. வன்னியில் இருந்து தொலைபேசி வரும் இரவுகளில், அவர்கள் சொல்லி முடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வராது. 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, இங்குள்ள முஸ்லிம் அயலவர்களின் முகத்தில் 1983ஐ மறுபடி பார்த்தேன்.

அந்த இரவுகளில்தான் இராமலிங்க அடிகளாரை, வள்ளலாரை, புதிதாக வாசிக்கத் தொடங்கினேன். வாடிய பயிரைக் கண்டு வாடியவர் என்று பாடசாலையிலேயே அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். அதைக் கவிஞரின் மிகைக்கூற்று என்று கடந்து போய்விடுவது வழக்கம். அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால், அது அவருடைய உடம்பு பட்ட பாடு என்று தெரியும்.

இராமலிங்கம் 1823 ஒக்ரோபர் 5ஆம் திகதி, சிதம்பரத்துக்கு அருகே உள்ள மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இளையவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் பிள்ளைகளோடு தன் ஊரான பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியையும் படிக்க வைக்கப் பார்த்தார். தம்பியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று இருந்தான். கோபம் கொண்ட அண்ணன், அவனுக்குச் சோறு போடக்கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், அண்ணியார் மறைவாக அவனுக்குச் சாப்பாடு போட்டதாகவும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பசி என்றால் என்ன, மறைவாகக் கிடைக்கும் ஒரு பிடி சோறு என்றால் என்ன என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

அவருடைய மனம் எப்படி இயங்கியது என்பதற்கு அவரே எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்று ஒரு பகுதி. 100க்கும் மேற்பட்ட பாடல்களில், ஒரு பிள்ளை தகப்பனிடம் முறையிடுவது போலத் தன் பயங்களை எல்லாம் இறைவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒருவர் இன்னொருவரோடு உரத்துப் பேசினால் அவருக்கு நடுக்கம். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் கலக்கம். ஊருக்குள் யாரோ அம்மா, ஐயோ என்று அலறினால் இவர் இங்கே கரைந்து போவார். பசு, கன்று கதறினால் பயம். மெலிந்த மாட்டைக் கண்டால் தானும் மெலிவார். வலை, தூண்டில், கண்ணி இவற்றைப் பார்த்தாலே அதில் சிக்கப்போகும் உயிரை நினைத்து உள்ளம் நடுங்கும். காகமும் ஆந்தையும் கத்தினால்கூட யாருக்கு என்ன நேருமோ என்று கலங்குவார். பட்டினி கிடக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டாலே நெஞ்சு திடுக்கிடும். நல்ல உணவு கிடைத்த நாளிலும், இந்தச் சுகத்துக்குப் பின்னால் என்ன துன்பம் வருமோ என்று பயந்து வெறும் வயிற்றோடு இருந்ததாகச் சொல்கிறார்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக நெருக்கமானது கதவு தட்டும் சத்தம். சுற்றிவளைப்புக் காலத்தைக் கடந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம்மில் பலருக்கு அந்த நடுக்கம் நமக்கு நடந்தவற்றில் இருந்து வந்தது. அவருக்கோ பிறருக்கு நடப்பதைக் காண்பதே போதுமாக இருந்தது. போரைக் கடந்த வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தாயின் நடுக்கத்தைப் போருக்குப் பின் பிறந்த பிள்ளை வாங்கிக்கொள்கிறது. உறவினரின் கதையைக் கேட்கிறவர் அதைத் தன் இரவுக்குள் எடுத்துப் போகிறார். உளவளத்துணையாளர்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அவருடைய தோற்றத்திலும் இந்த இயல்பு தெரிந்தது. கைகளை வீசி நடக்கக் கூச்சப்பட்டுக் கட்டிக்கொண்டு நடந்தார். வெள்ளைத் துணியால் உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டார். 27ஆவது வயதளவில் வீட்டாரின் வற்புறுத்தலால் அக்காள் மகள் தனம்மாளைத் திருமணம் செய்தார். இல்லறத்தில் அவர் ஈடுபடவில்லை. ஊர் உயிர்களின் நோவையெல்லாம் உணர்ந்தவரின் வாழ்க்கையில், தனம்மாள் என்ன உணர்ந்தார் என்பதற்கு வரலாற்றில் இடமே இல்லை. தொலைவில் உள்ளவரின் துயரம் உறைக்கிற அளவுக்கு அருகில் உள்ளவரின் துயரம் உறைக்காமல் போவது இத்தகைய மனிதர்களிடம் காணப்படுவதுதான். அவரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1858 அளவில் அவர் சென்னையை விட்டு வெளியேறினார். நகரத்தின் சத்தம் அவருக்கு ஒத்துவரவில்லை. வடலூருக்கு அருகே உள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவரின் வீட்டில் பல வருடங்கள் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடு இல்லாமல் எல்லா உயிரையும் தன்னுயிராகப் பார்ப்பது அதன் அடிப்படை.

1866 அளவில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம் நிலவியது. அடுத்த வருடம், 1867 மே 23ஆம் திகதி, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்காக 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள். பசியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் சாதி, மதம் கேட்காமல் சாப்பாடு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது.

அவருடைய வாழ்க்கையில் திருப்பம் என்று நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். 43 வயது வரை அவர் உணர்ந்தார், நடுங்கினார், பாடினார், ஒதுங்கினார். எல்லாத் துயரமும் அவரைத் தாக்கியது. தருமச்சாலை வந்தபோது, அந்த எண்ணற்ற துயரங்களுக்குள் பசி என்ற ஒன்றைப் பிரித்தெடுத்தார். எல்லா அழுகையையும் அவரால் நிறுத்த முடியாது. ஒரு வயிற்றை நிரப்ப முடியும். அதையும் அவர் தனியாகச் செய்யவில்லை. நிலம் கொடுத்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள், சமைத்தவர்கள் என்று ஒரு கூட்டமே அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டது.

தொடக்க நாளில் வாசிக்கப்பட்ட அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலிலும் இதைக் காணலாம். பசி வந்தால் கண், காது, மூச்சு, கால் என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் எப்படித் தளர்கிறது என்று ஒரு வைத்தியர் எழுதுவது போல எழுதியிருக்கிறார். பசித்தவரின் உடம்புக்குள் போய்ப் பார்த்த எழுத்து அது. ஓர் உயிரின் துயரைக் கண்டு இன்னோர் உயிர் ஏன் உருகுகிறது என்ற கேள்வியையும் எழுப்புகிறார். எல்லா உயிர்களும் சகோதர உரிமை உடையவை என்பதால் என்பது அவருடைய விடை. அப்படியானால் சிலர் ஏன் உருகுவதில்லை? அவர்களுடைய ஆன்ம அறிவு என்ற கண்ணில் ஒளி மங்கியிருக்கிறது என்கிறார். அதாவது உணர்கிறவருக்கு நோய் இல்லை, உணராதவருக்குத்தான் பார்வைக் குறைவு. உனக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டுக் கேட்டுச் சோர்ந்து போனவர்களுக்கு, 150 வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்ட ஆறுதல் இது.

இவ்வளவு உணர்கிறவர்மேல்தான் கடுமையான தாக்குதலும் வந்தது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், இராமலிங்கரின் பாடல்களை அருட்பா என்று சொல்வதை ஏற்கவில்லை. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவரும் இறந்த பிறகும் அவர்களைப் பின்பற்றியவர்கள் பல பத்தாண்டுகள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் மறக்கப்பட்ட ஒன்று உண்டு. 1870களின் பஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தவர் நாவலர். ஒருவர் உருகும் இயல்பினர், மற்றவர் கண்டிப்பானவர். நூல்களில் மோதிக்கொண்ட இருவரும் பசிக்கு முன்னால் ஒரே வேலையைச் செய்தார்கள். உதவி செய்வதற்கு இளகிய மனசு கட்டாயம் தேவை என்பதில்லை. இளகிய மனசு இருந்துவிட்டால் மட்டும் உதவி நடந்துவிடுவதும் இல்லை.

தருமச்சாலை நடக்கத் தொடங்கிய பிறகு வள்ளலார் செய்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 1870இல் அவர் அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்ற இடத்துக்குப் போய்விட்டார். சாலையைக் கைவிடவில்லை. 1872 ஜனவரி 25ஆம் திகதி வடலூரில் சத்திய ஞானசபையின் வழிபாடு தொடங்கியது. ஆனாலும் கூட்டத்துக்கு நடுவில் குடியிருக்கவில்லை, தனிமையை வைத்துக்கொண்டார். 1873 ஒக்ரோபரில் சித்திவளாகத்தில் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30ஆம் திகதி ஓர் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. பின்னர் அரச அதிகாரிகள் வந்து திறந்தபோது அறை வெறுமையாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அன்பர்கள் அவர் ஒளியில் கலந்தார் என்று நம்புகிறார்கள்.

அவர் மறைந்து இரண்டு வருடங்களில், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. உயிர் பிழைக்கக் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். இந்தக் கண்டி மலைகளில் இருக்கும் நம்மில் பலருடைய பாட்டன், பாட்டி அந்தத் தமிழ் மாவட்டங்களில் இருந்து பசியோடு நடந்து வந்தவர்கள். அவர் யாரைக் கண்டு நடுங்கினாரோ, அவர்களுடைய வழிவந்தவர்கள் நாங்கள்.

இந்த வாழ்க்கையில் இருந்து எனக்குக் கிடைத்தது மூன்று விடயங்கள். எல்லாத் துயரத்தையும் சுமக்க முற்படாமல் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. அதைத் தனியே செய்யாமல் நாலு பேரோடு செய்வது. செய்துவிட்டு, கூச்சப்படாமல் சற்றுத் தள்ளிப் போய் இருப்பது. இவற்றால் நடுக்கம் நின்றுவிடாது. அவருக்கும் அது நிற்கவில்லை என்றுதான் அவருடைய பாடல்களில் இருந்து தெரிகிறது. ஆனால் நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது கைக்கு வந்து சேர்ந்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரைப் பாருங்கள். வீட்டுக்குள் தனித்தனியே அழுதவர்கள் ஓர் இடத்தில் சேர்ந்து இருக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கிடைக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் பாரத்தை இன்னொருத்தி பார்க்கிறாள்.

ஒவ்வொரு மே மாதமும் வடக்கு கிழக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கடைசி நாட்களில் உயிரைப் பிடித்து வைத்திருந்த, உப்புக்கூடச் சரியாகக் கிடைக்காத அந்தக் கஞ்சி. 2024இல் சம்பூரில் அதைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். மே 18 நினைவுநாள். மே 23 வடலூரில் அடுப்பு மூட்டிய நாள். இரண்டுக்கும் இடையே ஐந்தே நாட்கள். வருகிற மே மாதம் அந்த ஐந்து நாட்களில் ஒரு நாளாவது, பக்கத்தில் பசித்திருக்கும் யாருக்காவது, அவர் எந்த இனம், எந்த மதம் என்று கேட்காமல் ஒரு கோப்பைக் கஞ்சி கொடுக்கலாம். கலகெதரயில் அதைச் சிங்களத்திலும் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.