உலோகத்துக்குள் ஒளிந்த வாயு: தாமஸ் கிரகாம்

தாமஸ் கிரகாம் 1805-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். மகன் சமயப் போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ வேதியியலில். தந்தை பண உதவியை நிறுத்தியபோதும் அவர் பின்வாங்கவில்லை. பாடம் நடத்திப் பிழைத்துக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். 1837-இல் லண்டனில் பேராசிரியரானார்.

வாயுக்கள் பரவும் வேகம் பற்றிய அவரது விதியை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சிறுநீரக நோயாளிகள் அறிந்த ‘டயாலிசிஸ்’ என்ற சொல்லை வேதியியலுக்குத் தந்தவரும் அவரே.

1866-இல், பல்லேடியம் உலோகம் தன் பருமனைப்போல் 600 மடங்குக்கும் அதிகமான ஹைட்ரஜனை உள்வாங்குவதைக் கண்டார். அப்போது உலோகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை. 1869-இல் அவர் மறைந்தார்.

பாசிட்ரான் துகள் 1932-இல்தான் கண்டறியப்பட்டது. உலோகத்துக்குள் செலுத்தப்படும் பாசிட்ரான், அணு இல்லாத வெற்றிடத்தில் சிக்கினால், அழிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அளந்து, ஹைட்ரஜன் புகுந்து வெளியேறும்போது உலோகத்தில் உண்டாகும் குறைகளை ஆய்வாளர்கள் அறிகிறார்கள். ஹைட்ரஜனை எரிபொருளாகச் சேமித்து வைக்க அந்த அறிவு தேவை.

தந்தை காட்டிய பாதையில் கிரகாம் சென்றிருந்தால், இந்தத் தேடலின் முதல் படியை வேறொருவர்தான் வைத்திருக்க வேண்டும்.